இரைச்சலுக்குப் பின்னால்

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் இரண்டு இட்லி. மாத்திரை எல்லாம் போட்டாயிற்று. மூச்சு வாங்கவில்லை.

இதயத்துக் குழாயில் சுருள் வைத்த டாக்டர், உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் சபுராள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். அச்சகங்களுக்குப் புத்தகம் அடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். நான் பேசுகிற மாதிரியே அடித்தால் டாக்டர் சிரிப்பார், புத்தகத்தில் வருகிற மாதிரி அடி என்று சொல்லியிருக்கிறேன். அடித்ததை தென்காசியில் இருக்கும் என் மகள் செல்வராணியின் போனுக்கு அனுப்பிவிடுவாள். செல்வராணி டாக்டரிடம் காட்டுவாள். இதுதான் ஏற்பாடு.

என் பெயர் தவசிக்கனி. சிவகாசியில் காலண்டரின் மேல் விளிம்புக்குத் தகடு அடித்தே ஆயுசு போனது. எழுத்து இல்லையே தவிர ஞாபகம் உண்டு. எந்த வருஷக் காலண்டரில் எந்தச் சாமி, எந்த நிறப் பட்டு என்று எப்போது கேட்டாலும் சொல்வேன்.

வீட்டில் நான் மட்டும்தான். என் சம்சாரம் அன்னத்தாய் மகள் வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள். பேத்திக்குப் பரீட்சை.

வேறு விசேஷம் என்றால், செட்டில் இரைச்சல் வருகிறது. மருமகன் வாங்கிக் கொடுத்த செட்டு. ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. போனை அதில் ஒயர் போட்டு மாட்டினால், பேசுகிற ஆள் நம் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். தகடு மெஷின் சத்தத்தில் என் வலது காது செவிடாகிவிட்டது. போனைக் காதில் வைத்தால் பாதிப் பேச்சு பிடிபடாது. அதனால் செல்வராணி ஞாயிறு தோறும் கூப்பிடும்போது செட்டில்தான் கேட்பேன். போன வாரம் வரை அப்படித் துல்லியம். அவள் பேசும்போதே பின்னால் குக்கர் சத்தம், குழாயில் தண்ணீர் விழுவது, யாரோ இருமுவது எல்லாம் கேட்கும். இன்று அடியில் ஒரே உறுமல். குளவி மண் கூடு கட்டும்போது ஒரு சத்தம் போடுமே, அது.

"என்னப்பா, நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. செட்டுதான் சரியில்ல."

"நான் பேசுறது கேக்குதுல்ல, அப்புறம் என்ன?"

அவள் பேசுவது கேட்டது. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.

கொல்லையில் போன மாதம் பூசிய சிமெண்டு நன்றாக இறுகிவிட்டது. விரிசல் இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. சபுராள் சேமியா பாயசம் கொண்டுவந்தாள். சர்க்கரை இருப்பதால் இரண்டு கரண்டி மட்டும். (மூன்று கரண்டி என்று அவள் அடிக்கப் போனாள். இரண்டுதான்.)

"அய்யா, போன் சார்ஜரக் கழத்திட்டுக் கேளுங்க. எங்க வீட்டுலயும் இப்பிடி வந்துச்சு" என்றாள். கழற்றினேன். பாதி குறைந்தது. மீதிப் பாதிக்காக ஒயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், டியூப் லைட்டை அணைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம். உறுமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 15, புதன்

செட்டை ஆட்டோவில் ஏற்றி சூசையின் கடைக்குக் கொண்டுபோனேன். டிவி, செட்டு, வீட்டு ஒயரிங் எல்லாம் அவன்தான் பார்ப்பான். திறந்து ஊதித் தூசி தட்டி, ஒரு கிறிஸ்தவப் பாட்டை ஓடவிட்டான். தண்ணீர் மாதிரி ஓடியது. உறுமல் இல்லை.

"செட்டுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. என் கடையில நல்லபிள்ளயா இருக்கு. உங்க வீட்டுக்கு வந்தாத்தான் உறுமுதுன்னா, உங்களப் பாத்து உறுமுது போல."

"உன் வாய்க்கு இந்தக் கடை பத்தாதுடா" என்றேன்.

வீட்டில் மாட்டினேன். உறுமியது. சூசை கடையில் ஏதோ செய்து ஏமாற்றியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இரவு தூக்கம் சுமார். மாத்திரை போட்டேன்.

செல்வராணி கூப்பிட்டாள். சார்ஜர் கழற்றி, மின்விசிறி நிறுத்தி, பெட்டியோடு இடது காதை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினேன். உறுமல் முன்னைவிடப் பெரிசு.

"அங்க யாருக்கும் இருமல் கிருமல் இல்லையே?" என்றேன். வெயில் காலத்தில் தூசி என்பதற்காகக் கேட்டது.

"யாருக்குப்பா?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"வேணும்னா நீங்களே கேட்டுக்கோங்க. கூப்பிடவா?"

"வேண்டாம் வேண்டாம். வேலையா இருப்பா."

பேத்தி பரீட்சை முடிந்து விளையாடப் போயிருக்கிறாளாம். நல்லது.

ஏப்ரல் 21, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகிறது. ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறந்தேன். சுள்ளென்று முழங்கை வரை ஏறியது. செருப்புப் போட்டுக்கொண்டு திறந்தால் ஒன்றும் இல்லை. வயசானால் நரம்பு இப்படித்தான் இழுக்கும். டாக்டர் கவனிக்கவும்.

ஏப்ரல் 22, புதன்

டாக்டர் கவனிக்கும் முன்னால் சபுராள் கவனித்துவிட்டாள். நேற்று அடித்து முடித்த கையோடு சூசைக்குப் போன் போட்டிருக்கிறாள். காலையிலேயே வந்து நின்றான். டெஸ்டரை ஃபிரிட்ஜில் வைத்தான். எரிந்தது. ஆம்ப்ளிபயர் தகட்டில் வைத்தான். மினுக்கென்று எரிந்தது. அவன் முகத்தில் கேலி போய்விட்டது.

"அண்ணாச்சி, இது நரம்பு இல்ல. வீட்டுக்கு எர்த்து செத்துப்போச்சு. கசியிற கரண்டு மண்ணுக்குள்ள போக வழியில்லாம இரும்புலயே நிக்குது. செட்டு உறுமுறதும் அதனாலதான். எர்த்துக் குழி எங்க இருக்கு?"

இது ஒரு கேள்வியா. தொண்ணூற்றாறில் இந்த வீட்டைக் கட்டியபோது நான் கூடவே நின்றவன். ஒயரிங் செய்த மாடசாமி கட்டம் போட்ட சட்டை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அவன் இப்போது இல்லை. குழி வாசல் கேட்டுக்குக் கிழக்கே, மூலையில். இன்று நடந்த மாதிரி இருக்கிறது.

சூசை ஆள் வைத்துத் தோண்டினான். இடுப்பளவு தோண்டியும் செங்கல் துண்டும் பிய்ந்த செருப்பும்தான் கிடைத்தன. ஒயர் சுவருக்குள் புதைத்துப் போயிருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டும் போக முடியவில்லை.

"வீட்டுல அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? நான்தான கூட நின்னேன்."

"நின்னீக. குழியத்தான் காணோம்."

புதிதாகக் குழி போடலாம். ஆனால் இடுப்பளவுக்குக் கீழே பாறை. மெஷின் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை ஃபிரிட்ஜ், மாடியில் சபுராளின் வாஷிங் மெஷின், இரண்டையும் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஃபிரிட்ஜ் இல்லாததால் நேற்றைய குழம்பு ஊசிவிட்டது. ரசம் வைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

சபுராள் கேட்டாள், "அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னய்யா? என்னதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?"

நடந்தது ஒன்றும் இல்லை. மார்ச்சில் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஊரே தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்திருக்கிறது. அன்னத்தாய் பாத்திரம் கழுவிய தண்ணீரை, அரிசி களைந்த தண்ணீரை, வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொல்லையில் சுவர் ஓரத்தில் ஊற்றுகிறாள். அங்கே செடி இல்லை, கொடி இல்லை. வெறும் மண். எத்தனையோ வருஷமாக ஊற்றுகிறாள். கேட்டால் "மண்ணு குளிரணும்" என்பாள். அன்று சம்பந்தி அம்மாள் கை கால் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போனாள். அதைச் சொன்னேன். சொல்லும்போது மற்றதும் வந்தது. எண்பத்தொன்றில் நகைக்கடைப் பையோடு மோதிரத்தைக் குப்பையில் போட்டது. என் தம்பி கல்யாணத்தில் பாயசத்தைத் தீய விட்டது. செல்வராணிக்கு அம்மை போட்டிருந்தபோது திருவிழாவுக்குப் போனது. வரிசையாக, வருஷத்தோடு, மாசத்தோடு சொன்னேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து கேட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அவள், "நான் நல்லது செஞ்சதா ஒரு நாளாவது உங்க ஞாபகத்துல இருக்கா?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் யார் பதில் சொல்வார்கள்? நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் சிமெண்டு பூசிவிட்டேன். இனிமேல் ஊற்றி வீணாக்க முடியாதல்லவா. கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டாரோடு காரில் ஏறினாள். பேத்திக்குப் பரீட்சை என்று அவளே சொன்னாள்.

இதை அடிக்காதே என்று சபுராளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

செல்வராணி கூப்பிட்டதும், எப்படி இருக்கீக என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பா, எர்த்துக் குழி கிழக்கு மூலையில இல்லையாம். நீங்க சிமெண்டு பூசுனீங்களே, அதுக்கு அடியிலதான் இருக்காம். ஒயரிங்காரர் அம்மாகிட்டதான் சொல்லிட்டுப் போனாராம், தினம் ஒரு குடம் தண்ணி விடுங்க, மண்ணு காஞ்சா எர்த்து வேல செய்யாதுன்னு. அதான் ஊத்திக்கிட்டு இருந்தாளாம்."

"குழியத் தேடுறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். தினமும் வருதே. சாயங்காலம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறேன்."

உறுமல் இருந்தது. அதற்குப் பின்னால் யாராவது நின்றார்களா என்று தெரியவில்லை.

"டாக்டருக்கு எழுதுனத ஊருக்கே வாசிப்பியா?"

"ஊருக்கு இல்ல. அம்மாவுக்கு."

போனைப் பிடுங்கிவிட்டு சபுராளைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை சொன்னதை அடித்தாயா என்றேன். அடித்தேன் என்றாள். அடிக்காதே என்றேனே என்றேன். "நீங்க நிறுத்தாம சொல்லிக்கிட்டே போனீக. என் கையும் போய்க்கிட்டே இருந்துச்சு" என்றாள்.

அன்னத்தாய் சொல்வது தப்பு. குழி கிழக்கு மூலையில்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஞாபக மறதி. இதையும் அடி. வாசிக்கட்டும்.

ஏப்ரல் 27, திங்கள்

இட்லி. மாத்திரை.

ஏப்ரல் 28, செவ்வாய்

மாத்திரை. கொல்லைச் சிமெண்டைக் கம்பால் தட்டிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி வருகிறது. சிமெண்டு என்றால் அப்படித்தான் வரும்.

ஏப்ரல் 30, வியாழன்

சுருக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. சபுராள் இடது கையால் அடிக்கிறாள்.

காலையில் மாடியில் ஏதோ விழுந்த சத்தம். என் செவிட்டுக் காதுக்கே இடி மாதிரி கேட்டது. நெஞ்சு அடைக்க ஏறிப்போனேன். மாவுக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சபுராள் சுவர் ஓரத்தில் கிடந்தாள். கையெல்லாம் மாவு, கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. நான் மெயினை அணைத்தேன். எனக்கு அதை எப்படிச் செய்தேன் என்று மட்டும் ஞாபகம் இல்லை. படிக்கட்டில் இறங்கியதே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேசினாள். "வாஷிங் மெஷினத்தான சொன்னாரு. கிரைண்டரச் சொல்லலையே" என்றாள். வலது மணிக்கட்டில் எலும்பு விட்டிருக்கிறது. மாவுக்கட்டு. உயிர் தப்பியது பெரிய காரியம் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். அந்தக் கையால்தான் அவள் பிழைப்பு.

சேதி கேட்டு வந்த அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து நின்றேன்.

மே 1, வெள்ளி

கடப்பாரையை நானே எடுத்தேன். கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது தெரியும். மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை உட்கார்ந்தேன். டாக்டருக்காக இதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது சூசை வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டான்.

"சாகறதுன்னா வேற எங்கயாவது போய்ச் சாவுங்க அண்ணாச்சி. எர்த்துக் குழியில விழுந்து செத்தா எந்தக் காலண்டர்ல போடுவாக?"

சிமெண்டு பாளம் பாளமாக வந்தது. அடியில் ஒரு சின்ன கல் மூடி. அதைத் தூக்கினால் இரும்புக் குழாயின் வாய். சுற்றிலும் கரித்துண்டு, வெள்ளை உப்புப் படிவம். மண் சுண்ணாம்பு மாதிரி உலர்ந்து வெடித்துக் கிடந்தது. சூசை கையை விட்டுப் பார்த்து, "எலும்பாக் காஞ்சுபோச்சு" என்றான். குழாயில் தளர்ந்து கிடந்த கம்பியை இறுக்கிக் கட்டினான்.

முதல் குடம் ஊற்றியதும் மண் சொய்யென்று இழுத்தது. இரண்டாவதையும் இழுத்தது.

கிழக்கு மூலையில் தொண்ணூற்றாறில் தோண்டியது வாசல் கேட்டின் தூணுக்கு. குழி தோண்டியது, கட்டம் போட்ட சட்டை, எல்லாம் சரிதான். எதற்கு என்பது மட்டும் மாறிப்போயிருக்கிறது.

மண்ணில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று தெரிந்தது. பால் காய்ச்சிய அன்று சாயங்காலம். விருந்தாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். அன்னத்தாய் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் கனகாம்பரம், இடுப்பில் குடம், கொல்லைப் பக்கம் போகிறாள். கால் வலிக்குதுன்னு சொன்னியே, இப்ப என்ன வேல என்று கேட்டேன். "புது வீடுல்ல, நம்மளவிட இதுக்குத்தான் தாகம்" என்றாள். இதை நான் எப்போதோ ஒரு தடவையாவது நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

மே 3, ஞாயிறு

மாத்திரை போட்டேன். குடம் ஊற்றினேன். உறுமல் நூல் மாதிரி இருக்கிறது.

செல்வராணி கூப்பிடவில்லை. செட்டை அணைக்காமல் வைத்திருந்தேன்.

மே 6, புதன்

டெஸ்டரை வைத்தால் எரியவில்லை. சூசை ஃபிரிட்ஜைப் போடச் சொல்லிவிட்டான். சபுராளுக்குக் கிரைண்டரும் போடலாம் என்றான். "ஆறு மாசத்துக்குக் கடை மாவுதான், என்னய விட்டுருங்க" என்றாள். அவள் சிரித்ததைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். அதுவரை அவள் வீட்டுச் சாப்பாடும் கீழேதான். உப்புப் பார்த்துப் போடுகிறேன்.

மே 10, ஞாயிறு

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றிவிட்டுச் செட்டைப் போட்டேன். சத்தமே இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று பெட்டியைத் தட்டினேன். அப்போது போன் வந்தது.

"அப்பா."

பின்னால் மின்விசிறி சுற்றியது. தெருவில் பூக்காரர் போனார். யாரோ பாத்திரத்தை அடுக்கினார்கள். பிறகு இருமல். இரண்டு தடவை வந்து, மூன்றாவது தொண்டையிலேயே நின்றது.

"இருமலுக்கு மருந்து வாங்கிக் குடுத்தியா?"

"யாருக்குப்பா?" வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"உங்க அம்மாவுக்கு."

பாத்திரச் சத்தம் நின்றது. பின்னால் இருந்து அந்தக் குரல், என்னிடம் இல்லை, மகளிடம் சொன்னது.

"தண்ணி ஊத்துறாரான்னு கேளு."

"ஊத்துறேன்னு சொல்லு. கழுவுன தண்ணிதான்."

"அந்தப் பிள்ள கை எப்படி இருக்குன்னு கேளு."

"விரல அசைக்கிறா."

"இவ்வளவும் கேட்டாச்சு. நான் அன்னைக்குக் கேட்டதுக்குத்தான் இன்னும் பதில் வரலன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் ஒரே போன்லதான இருக்கீக, என்னய எதுக்குத் தபால்காரி ஆக்குறீக" என்றாள் செல்வராணி. போனை எங்கோ வைத்துவிட்டு எழுந்து போவது கேட்டது. அவள் கொலுசு தூரமாகப் போனது. அன்னத்தாய் மூச்சு விடுவது மட்டும் கூடத்தில் இருந்தது. இரண்டு பெட்டியிலும்.

எனக்கு எந்த வருஷத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. குறை சொல்லும்போது வரிசையாக வந்தது. இது வரிசையில் வரவில்லை.

"இருக்கு" என்றேன். "பால் காய்ச்சுன அன்னைக்கு. இடுப்புல குடத்தோட..."

"வாசிச்சா, கேட்டேன்" என்றாள். "தலையில கனகாம்பரம்னு போட்டிருக்கீக. நான் அன்னைக்கு வச்சது பிச்சிப்பூ."

கனகாம்பரம். நாலு முழம், வாழை நாரில் நெருக்கிக் கட்டியது. வாங்கி வந்ததே நான்தான். கடைக்காரர் பெயரைக்கூடச் சொல்வேன்.

"பிச்சிதான்" என்றேன்.

அவள் இருமினாள். அந்த இருமலுக்குள் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. செட்டு துல்லியமாக இருப்பதால் தெரிந்தது.

"வேற?" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். செல்வராணி போனில் சார்ஜ் தீரும் வரை சொன்னேன். பாதிதான் ஆயிருக்கிறது. மீதியை நேரில் சொல்லலாம் என்று நாளைக் காலை தென்காசி பஸ் ஏறுகிறேன். மாத்திரையை எடுத்து வைத்துவிட்டேன். குழிக்குத் தண்ணீர் விட, துணைக்கு வந்திருக்கும் சபுராளின் அம்மாவிடம் சொல்லியாயிற்று.

இதையெல்லாம் ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்த சபுராள் நிமிர்ந்து, "அய்யா, ஒண்ணாந் தேதியில கனகாம்பரம்னு இருக்கே, அதைப் பிச்சின்னு மாத்திரவா?" என்று கேட்டாள்.

அதை மாற்ற வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். இங்கே பிச்சி என்று போடு.